திருத்தணி அடிவாரத்தில் அக்கா கேட்ட கேள்வி

அறுபதுகளின் கடைசி அது. எனக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருடம். திருவொற்றியூர் கடற்கரையை ஒட்டிய குப்பத்தில் இருந்தோம். என் கணவரும் பக்கத்து வீட்டு அண்ணனும் ஒரே கட்டுமரத்தில் தொழிலுக்குப் போவார்கள். அண்ணனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கூடப் பிறந்தவள் இல்லை என்று சொன்னால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள்.

அந்தக் கார்த்திகையில் காற்று திடீரென்று திரும்பிக்கொண்டது. கடலுக்குப் போன இரண்டு பேரும் மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. கொட்டுகிற மழையில் நானும் அக்காவும் கரையிலேயே நின்றோம். அக்காதான் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேண்டினாள்: "முருகா, ரெண்டு பேரையும் கரை சேத்துடு. ஆடிக் கிருத்திகைக்கு உன் மலைக்கு வந்து காவடி எடுக்கச் சொல்றோம்."

ஒருவர்தான் வந்தார். பழவேற்காட்டுப் பக்கம் உடைந்த கட்டையைப் பிடித்தபடி மிதந்துகொண்டிருந்த என் கணவரை வேறு படகுக்காரர்கள் தூக்கிக் காப்பாற்றியிருந்தார்கள். "கட்டை உடைஞ்சதும் இருட்டுல பிரிஞ்சிட்டோம்க்கா. அண்ணன் எந்தப் பக்கம் போச்சுன்னு தெர்ல" என்று மட்டும் அக்காவிடம் சொன்னார். என்னிடமும் அதையேதான் சொன்னார்.

கடல் உடலைத் திருப்பித் தரவில்லை. அதனால் அக்கா பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. ஆந்திரக் கரையில் யாராவது காப்பாற்றியிருப்பார்கள், எங்காவது ஆஸ்பத்திரியில் கிடப்பார் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வடக்கேயிருந்து மீன் வாங்க வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி விசாரிப்பாள். காரியம் செய்துவிடலாம் என்று சொல்லி வந்த சொந்தக்காரர்களை வாசலோடு திருப்பி அனுப்பினாள்.

ஆடி பிறந்தது. வேண்டுதலைச் செலுத்த வேண்டுமே என்று எனக்குள் ஒரே தவிப்பு. அக்காவின் முன்னால் காவடிக்குப் பூ வாங்குவது எப்படி? என் சந்தோஷத்தை அவள் கண்ணெதிரே விரித்துக் காட்டுவது போல இருந்தது. இரண்டு நாள் அவள் முகத்தைப் பார்க்காமலே நடந்தேன். கடைசியில் அவளே வந்தாள்.

"இன்னாடி, என்னை வுட்டுட்டுப் போலாம்னு பாக்கிறியா? ஒண்ணாத்தான வேண்டிகினோம்? நானும் வரேன்."

உள்ளே இருந்த என் மாமியாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் ஒரு வருடத்துக்கு மலைக்கோயில் ஏறக் கூடாது என்பது எங்கள் வழக்கம். "அவ எப்டிம்மா மலை ஏறுவா?" என்று மெதுவாகத்தான் சொன்னார். அக்காவுக்குக் கேட்டுவிட்டது.

"எம் புருசன் செத்தத யாரு பாத்தது?" என்றாள்.

என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

சென்ட்ரலில் ரயில் ஏறி, அரக்கோணத்தில் மாறித் திருத்தணி போய்ச் சேர்ந்தோம். ரயில் முழுக்க மஞ்சள் துணியும் பூ வாசனையும்தான். மூச்சு விட இடமில்லாத கூட்டத்திலும் "அரோகரா" என்று ஒருவர் சொன்னால் பெட்டியே திரும்பச் சொன்னது. அக்கா மட்டும் வாய் திறக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தாள். தூரத்தில் மலையும் அதன் மேல் கோயிலும் தெரிந்தபோது எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவள் அதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

அடிவாரத்தில் சரவணப் பொய்கையில் குளித்தோம். ஈர வேட்டியோடு என் கணவர் பூக்காவடியைத் தோளில் ஏற்றிக்கொண்டார். படிக்கட்டு முழுவதும் மனிதத் தலைகள். மேளச் சத்தம் காதை அடைத்தது. முதல் படியில் அவர் கால் வைக்கப் போனபோது அக்கா குறுக்கே வந்து நின்றாள்.

"தம்பி, தோள்ல காவடி கீது. இப்ப நீ பொய் சொல்ல மாட்டே. அதுக்குத்தான் இவ்ளோ தூரம் வந்து கேக்கறேன். அவரு போனத நீ பாத்தியா?"

பின்னால் வந்தவர்கள் எங்களை நெருக்கினார்கள். அவர் காவடியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"பாத்தேன்க்கா" என்றார். "இருட்டுல இல்ல. நல்லா விடிஞ்சப்புறம்தான். கை மரத்துப் போச்சுன்னாரு. நான் கைய நீட்டனேன், எட்டல. பாத்துகினே இருந்தேன்க்கா, ஒண்ணும் பண்ண முடில. கரைக்கு வந்து உன் மூஞ்சியப் பாத்ததும் சொல்ல வாய் வர்ல."

அக்கா கத்துவாள், அவரைப் பிடித்து உலுக்குவாள் என்று பயந்தேன். அவள் வழியைவிட்டு ஓரமாக நகர்ந்தாள். படியிலிருந்து காலைப் பின்னுக்கு எடுத்தாள்.

"அப்ப நான் ஏறக் கூடாது" என்றாள். "தீட்டு. நீங்க போயிட்டு வாங்க."

எட்டு மாதமாக யார் சொல்லியும் ஒப்புக்கொள்ளாததை அந்த இடத்தில் அவளே சொல்லிவிட்டாள். நானும் ஏறவில்லை, உன்னோடு இருக்கிறேன் என்று அவளைக் கட்டிக்கொண்டேன். என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். "உன் புருசன் உசுரோட வந்துகீறாரு. அதுக்கு நன்றி சொல்ல வாணாமா? போடி" என்றாள்.

நான் மலை ஏறியது எனக்கு நினைவில்லை. முன்னால் போன அவர் முதுகு குலுங்கியது மட்டும் நினைவிருக்கிறது. சந்நிதியில் நின்றபோது என்ன வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை.

இறங்கி வந்து தேடினோம். குளத்துப் படியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. அவள் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு பூக்காரம்மா, அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வருடத்திலேயே அதிகமாகப் பூ விற்கும் நாள் அது. கூடையை ஈரத் துணியால் மூடி ஓரமாக வைத்துவிட்டு, கேட்டு வந்தவர்களை எல்லாம் "அப்புறம் வாம்மா" என்று அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"இந்தம்மா கொளத்துக்குள்ளயே பாத்துக்கினு நின்னுச்சு. எனக்கு மனசு கேக்கல, வந்து ஒக்காந்துட்டேன்" என்றாள் தெலுங்கு கலந்த தமிழில். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள். அந்த அம்மா வந்து உட்காராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே இன்றும் பயமாக இருக்கிறது.

திரும்பும்போது ரயிலில் அக்கா என் தோளில் சாய்ந்து முதல் முறையாக அழுதாள். எதிரே உட்கார்ந்திருந்த என் கணவரிடம், "கடைசியா இன்னா சொன்னாரு, முழுசா சொல்லு" என்று கேட்டாள். அவர் ஒன்று விடாமல் சொன்னார். அந்த வாரமே கடற்கரையில் அண்ணனுக்குக் காரியம் நடந்தது. பிறகு அக்கா மீன் கூடை தூக்கித் தன் இரண்டு பெண்களையும் வளர்த்தாள், கட்டிக் கொடுத்தாள். சாகும் வரை என் கணவரைத் தம்பி என்றுதான் கூப்பிட்டாள். மாதக்கணக்காகத் தூக்கத்தில் அலறிக்கொண்டிருந்த அவரும் அதற்குப் பிறகுதான் தூங்க ஆரம்பித்தார்.

பயந்துகொண்டே ஒரு பதிலைக் கேட்கிறவர்களுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்பதை அந்த அடிவாரத்தில் பார்த்தேன். அதனால்தான் இன்றைக்கும் யாராவது என் முகத்துக்கு நேரே நின்று ஒன்றைக் கேட்டால், அவர்கள் மனசு நோகுமே என்று மழுப்ப எனக்கு வாய் வருவதில்லை, உண்மையைச் சொல்லிவிட்டு அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறேன்.