ஆனையின் சொந்தக்காரி

மாங்குளம் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. வீதியோரத்தில் ஒரு யானை. அதன் முன்னங்கால்களுக்கு இடையில் தலையை நுழைத்துக் குட்டி பால் குடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எட்டு வயதில் முல்லைத்தீவுக் கரையில் நின்ற ஒரு காலை எனக்குள் திரும்பி வந்தது.

அன்று அப்பாவின் கரைவலையில் ஆவுளியா எனும் கடற்பசு ஒன்று உயிரோடு அகப்பட்டிருந்தது. எங்கள் பக்கம் அது அரிதாகத்தான் வரும். இறைச்சிக்காகக் கத்தியும் தீட்டியாகிவிட்டது. மீன்வகைகளைப் பதிவு செய்யக் கொழும்பிலிருந்து வந்திருந்த இளைஞர் அதனருகே முழந்தாளிட்டார்.

"இது மீனில்லை ஐயா. பால் குடுக்கிற இனம். ஆனைதான் இதுக்குக் கிட்டின சொந்தம்."

"கடலுக்கை ஆனையோ?" என்று அப்பா சிரித்தார்.

இளைஞர் அதன் துடுப்பைத் தூக்கிக் காட்டினார். அக்குளில் முலைக்காம்பு இருந்தது.

"ஆனைக்கும் முன்னங்காலடியிலதான். இப்பிடி ஒவ்வொண்டாப் பாத்துத்தான் இனம் பிரிக்கிறம்."

கைக்குழந்தையோடு நின்ற அம்மா குனிந்து தொட்டார். விரலில் பால் ஒட்டியது.

"அறுக்க வேண்டாம். குட்டி எங்கையோ தேடிக்கொண்டு நிக்கும்."

"தோலும் எலும்பும் மியூசியத்துக்கு வேணும், அக்கா," என்று இளைஞர் தயங்கினார்.

"பால் குடுக்கிறவள் எண்டு நீங்கள்தானே தம்பி சொன்னனீங்கள்?"

இளைஞர் குறிப்பெழுதும் கொப்பியை மணலில் வைத்துவிட்டு, முதல் ஆளாக வலையை விலக்கினார். எல்லோரும் சேர்ந்து அதை அலைக்குள் தள்ளினோம். ஒருமுறை மூச்சு விட்டுவிட்டு அது மறைந்தது.

அப்பா இடுப்பளவு தண்ணீரில் கனநேரம் நின்றார். முப்பது வருடமாகத் தொழில் செய்த கடலை அன்றுதான் காண்பவர் போலப் பார்த்தார்.

"இன்னும் என்னென்ன சொந்தம் உதுக்குள்ள இருக்கோ," என்றார்.