தேர்க்கூட்டத்தில் அப்பத்தாவைத் தேடிய நாள்

காணாமல் போனவர்களின் பெயரை மைக்கில் சொல்வதுதான் அன்று எனக்குப் போட்டிருந்த வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆடிப்பூரத் தேர் அன்று. ஸ்ரீவில்லிபுத்தூர் வடக்கு ரத வீதியில் ஒரு தகரப் பந்தல், ஒரு மேஜை, ஒரு மைக். காலை ஒன்பது மணி இருக்கும். ராஜபாளையத்திலிருந்து என் மனைவி செல்வி போன் செய்தாள். அழுதுகொண்டே பேசினாள்.

"என்னங்க, அப்பத்தாவக் காணோம்."



ஆண்டாள் தாயாரின் அன்பர்களே, நான் போலீஸ் ஏட்டு. ரிப்போர்ட் எழுதித்தான் பழக்கம். எங்கள் பஜனைக் குழுவில் இதை எழுது, எழுது என்று ரொம்ப நாளாக நச்சரிக்கிறார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பத்தா என்றால் என் அப்பாவைப் பெற்றவள், வேலம்மாள். அப்பா பட்டாளத்தில் இருந்தார். அம்மாவுக்கு நூல் மில்லில் ஷிப்ட் வேலை. சோழபுரத்தில் என்னையும் என் இரண்டு தங்கைகளையும் வளர்த்தது அப்பத்தாதான். மூவரும் சாப்பிட்டு முடிக்காமல் அவள் வாயில் ஒரு பருக்கை போகாது. நான் போலீஸ் செலக்சனுக்கு ஓடிய அன்று, மைதானத்துக் கம்பி வேலிக்கு வெளியே ஒரு தூக்கு நிறைய கேப்பைக் கூழோடு வந்து நின்றாள். எனக்கு மட்டும் கொடுக்கவில்லை. என்னோடு ஓடிய பத்துப் பேருக்கும் வேலி வழியாக ஊற்றிக் கொடுத்தாள். "ஏ அப்பத்தா, இவன்லாம் எனக்குப் போட்டி" என்றேன். "இருந்தா என்னலே? அவனும் பசிச்ச வயித்தோடதான ஓடுதான்" என்றாள்.

அப்படிப்பட்டவளுக்கு எண்பது வயது தாண்டியதும் மறதி வந்துவிட்டது. முதலில் நாள், கிழமை போனது. பிறகு எங்கள் பெயர்கள் போயின. செல்வியைத் தன் செத்துப்போன தங்கச்சி என்று நினைத்துச் சண்டை போடுவாள். என்னை ஒருநாள் என் தாத்தா என்று நினைப்பாள், ஒருநாள் பால்காரர் என்பாள். கடைசியில் அவள் பெயரே அவளுக்கு மறந்துபோனது. கேட்டால், "பேரு என்னத்துக்கு? இங்கனதான இருக்கேன்" என்பாள். வீட்டில் எல்லாரும் சிரிப்போம். சிரித்துவிட்டு நான் மட்டும் கொல்லைப்பக்கம் போய் நிற்பேன்.

தேர் அன்று காலை ஐந்து மணிக்கு நான் டியூட்டிக்குக் கிளம்பினேன். அப்பத்தா கதவோரம் நின்று, "சாப்பிட்டியாய்யா?" என்று கேட்டாள். "பொறவு சாப்பிடுதேன்" என்றேன். மறுபடி கேட்டாள். சொன்னேன். மூன்றாவது தடவை கேட்டபோது எனக்கு நேரமாகிவிட்டது. "எத்தனை தடவதான் கேப்ப? சும்மா கெட!" என்று கத்திவிட்டு வண்டியை எடுத்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும். மறைத்தால் இது சாட்சி ஆகாது.

செல்வி குளித்துவிட்டு வருவதற்குள் அப்பத்தா கிளம்பியிருக்கிறாள். அடுப்படியில் கிளறி வைத்திருந்த புளிச்சோற்றுத் தூக்கையும் காணோம். தெரு முழுக்கத் தேடியிருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் அக்கா, "அந்த ஆச்சி வில்லிபுத்தூர் டவுன் பஸ்ல ஏறுனாகளே" என்று சொல்லியிருக்கிறாள்.

அப்படியானால் அப்பத்தா இந்தக் கூட்டத்துக்குள்தான் எங்கோ இருக்கிறாள்.

ஆடிப்பூரத் தேர்க் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கால் வைக்க இடம் இருக்காது. வடம் இழுக்கிறவர்கள் ஓடி வரும்போது ஒதுங்கத் தெரியாதவர் கீழே விழுந்தால், தூக்கிவிட ஆள் குனிவதற்குள் நாலு பேர் மிதித்துவிடுவார்கள். நான் மைக்கைப் பிடித்தேன். "வேலம்மாள், வயது எண்பத்து நாலு, ராஜபாளையம்..." என்று இரண்டு தடவை சொன்னேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது. தன் பெயரே தெரியாதவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு என்ன பயன்? வாக்கி டாக்கியில் எல்லாருக்கும் சொன்னேன். வெள்ளைச் சேலை கட்டிய கிழவி என்றால் அந்தக் கூட்டத்தில் ஆயிரம் பேர் இருந்தார்கள். ஒரு மணி நேரம் போனது. ஒரு தகவலும் இல்லை. பந்தலை விட்டு ஓடித் தேடலாமென்றால், அம்மாவைக் காணோமென்று அழுகிற மூன்று பிள்ளைகள் என் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

அப்போது தேர் எங்கள் வீதிக்குள் திரும்பியது.

அன்பர்களே, உங்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்காது. பந்தோபஸ்தில் நிற்கிற போலீஸ்காரன் தேரைப் பார்க்க முடியாது. கூட்டத்தைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். தாயார் எங்கள் முதுகுக்குப் பின்னால் போவாள். பதினேழு வருஷம் தேர் டியூட்டி பார்த்தவன் நான். ஒரு தடவைகூட அவள் முகத்தைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டுமென்று நினைத்ததும் இல்லை.

அன்று திரும்பினேன். மேலே, அவ்வளவு பூவுக்கு நடுவில், ரெங்கமன்னார் பக்கத்தில் தாயார் இருந்தாள். எனக்குப் பாசுரம் ஒன்றும் வாயில் வரவில்லை. "அம்மா, என் கிழவியத் தொலைச்சுட்டேன். திட்டிட்டு வந்துட்டேன். நீதான் கண்டுபிடிச்சுக் குடுக்கணும்" என்று மட்டும் சொன்னேன். தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

தேர் நகர்ந்தது. நான் மறுபடி மைக்கை எடுத்தேன். பெயர், வயது, ஊர் சொல்லத்தான் எடுத்தேன். ஆனால் என் வாயில் வந்தது வேறு. அது எப்படி வந்ததென்று எனக்கு இன்றுவரை தெரியாது. தாயார் கொடுத்தாள் என்றுதான் நம்புகிறேன்.

"அப்பத்தா, எனக்குப் பசிக்குது. காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல. எனக்குச் சோறு கொண்டா அப்பத்தா."

நாலு ரத வீதியிலும் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. ஊரே கேட்டது. வாக்கி டாக்கியில் இன்ஸ்பெக்டர், "யாருய்யா அது, மைக்ல பசிக்குதுன்னு அழுறது?" என்று கத்தினார். எதிர்வீட்டு அம்மா ஒரு தட்டில் இட்லி கொண்டுவந்தார். ஒருவர் வாழைப்பழம் நீட்டினார். சோழவந்தானிலிருந்து வந்ததாகச் சொன்ன ஒரு பாட்டி, "இந்தாய்யா" என்று தயிர்ச்சோற்றுப் பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அத்தனையையும் அழுதுகொண்டிருந்த பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். நான் திரும்பத் திரும்ப அதையே சொன்னேன்.

கால்மணி நேரம் ஆகியிருக்காது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாரீஸ்வரி என்ற பெண் போலீஸ் வந்தாள். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் வந்தது அப்பத்தா!

"ஏட்டய்யா, இவுக உங்க அப்பத்தாவா? கீழ ரத வீதியில எங்க எல்லாருக்கும் சோறு குடுத்துக்கிட்டு இருந்தாக. காக்கிச்சட்டையக் கண்டா, 'எம்பேரனே, வாயத் தொற'ன்னு ஒரு உருண்டை. பன்னெண்டு பேரு சாப்பிட்டோம். யாரு எவருன்னு கேட்டா சொல்லத் தெரியல. நீங்க பசிக்குதுன்னு சொன்னதக் கேட்டதும், 'ஏட்டி, எம்பிள்ள பசிக்குதுங்கான், விடுட்டி'ன்னு கிளம்பிட்டாக. எங்களால பிடிக்க முடியல."

அப்பத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ யாருய்யா? பசிக்குதுன்னு ஒருத்தன் கூப்பிட்டானே, அவன் எங்க?"

"நான்தான் அப்பத்தா. குமாரு."

அவளுக்கு என்னைத் தெரியவில்லை. தூக்குக்குள் கையை விட்டுக் கடைசியாக இருந்த புளிச்சோற்றை வழித்து எடுத்தாள். "எவனா இருந்தா என்ன? பசிக்குதுல்லா? வாயத் தொற."

நடுத்தெருவில், யூனிபார்மில், நாற்பது வயதில் நான் வாயைத் திறந்தேன். மாரீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அப்பத்தா உடம்பில் ஒரு கீறல் இல்லை. செருப்பில் ஒன்றை மட்டும் தொலைத்திருந்தாள்.

தேர் நிலைக்கு வந்த மறுநாள் அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். சன்னிதியில் நான் விம்மி விம்மி நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பத்தா சும்மா நின்றாள். "தாயாருகிட்ட ஏதாச்சும் கேளு அப்பத்தா" என்றேன். "நான் என்னத்தக் கேக்க? எல்லாரும் சாப்பிட்டாச்சுல்லா?" என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் இருந்தாள். அந்த ஒன்றரை வருஷத்தில் நான் அவளிடம் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை. கோபக்காரனான என்னைத் தாயார் அன்றைக்கே மாற்றிவிட்டாள். அப்பத்தா எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் "என்ன?" என்று போய் நிற்பேன். தாத்தாவாகவும் பால்காரராகவும் இருந்து பழகிவிட்டேன், அது ஒன்றும் கஷ்டமில்லை. ஒரு மார்கழிக் காலையில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். சோழபுரத்தில் எடுத்தோம். கீழ ரத வீதியில் டியூட்டி பார்த்த பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் வந்து, மாற்றி மாற்றித் தோள் கொடுத்தார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் தொலைந்த ஒன்று இருக்கலாம். அது ஆளோ, உடம்பு சுகமோ, நிம்மதியோ, எதுவாகவும் இருக்கலாம். தாயாரிடம் சொல்லுங்கள். முறையாகச் சொல்லத் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். நான் செய்த தப்பையும் சேர்த்துத்தான் சொன்னேன், அவள் முகம் சுளிக்கவில்லை. கோதை நம் ஊர்ப் பெண். நாம் பேசுகிற பேச்சு அவளுக்குப் புரியும்.