பங்கர் தண்டவாளத்தில் ஒரு பச்சைக் கோடு

வெளிநாட்டிலிருந்து லீவில் வந்திருக்கும் என் தம்பி ஒரு மை கொண்டுவந்திருக்கிறான். இரும்பில் பூசினால், வெடிப்பு விரிகிற இடத்தில் அது தானாக வெளிச்சம் விடுமாம்.

இன்று அவனோடு புதுக்குடியிருப்பு அரிசி மில்லுக்குப் போனேன். களஞ்சிய அறையின் பரண் முழுக்க நெல் மூட்டை. அவ்வளவையும் தாங்குவது ஒரு தண்டவாளம்.

"அண்ணை, இதில கொஞ்சம் பூசிப் பாக்கட்டே?" என்று மில்காரரைக் கேட்டான் தம்பி.

மில்காரர் சிரித்தார். "பூசும், பூசும். சண்டைக் காலத்தில பதுங்குகிற பங்கருக்குக் கூரையாப் போட்ட தண்டவாளம் இது. செல்லடியையே தாங்கினது, நெல்லு மூட்டையைத் தாங்காதோ?"

மை காய்ந்ததும் கதவைச் சாத்தினோம். கும்மிருட்டு. பரணில் நின்ற வேலையாள் இன்னொரு மூட்டையைத் தொப்பென்று போட்டார்.

எங்கள் தலைக்கு நேரே, தண்டவாளத்தின் குறுக்கே, பச்சையாக ஒரு கோடு மின்னியது.

எப்படி வெளியே வந்தேனோ தெரியாது. ஒரு செருப்பு இன்னும் உள்ளேதான் கிடக்கிறது. பரணில் நின்றவர் எங்களுக்கு முதலே முற்றத்தில் நின்றார்.

மூச்சு வாங்க வாங்க மில்காரர் கேட்டார்: "தம்பி, அந்த வெளிச்சத்தை எப்பிடி நிப்பாட்டுறது?"

எங்கள் வீட்டு விட்டமும் அதே பங்கரில் கழற்றிய தண்டவாளம்தான். மிச்ச மையைத் தம்பி அதில் பூசிவிட்டான். விளக்கை அணைக்க ஒருவருக்கும் துணிவில்லை.

உங்கள் வீட்டுக் கூரையை எது தாங்குகிறது?