ஜடுக்கு பிறந்த இடம்

வலது உள்ளங்கையின் ஓரத்தை லிஃப்ட் கதவின் மேல் சாய்த்து வைத்து, கண்ணை மூடி நிற்கிறார் லிஃப்ட் மெக்கானிக். பெட்டி மேலே வந்துகொண்டிருக்கிறது. அதன் அதிர்வு கதவு வழியாக அவர் கைக்கு வருகிறது. கை சரி என்று சொன்ன பிறகுதான் விலகி, காத்திருப்பவர்களை ஏறச் சொல்வார். எங்கள் குடியிருப்பில் எல்லாருக்கும் பழகிப்போன காட்சி இது. "டாக்டர் நாடி பாக்கறாரு, கொஞ்சம் பொறுங்க" என்று மூன்றாம் மாடிக்காரர் கிண்டல் செய்வார். எல்லாரும் சிரிப்பார்கள். அவர் மட்டும் சிரிக்க மாட்டார்.

நாற்பத்திரண்டு வயது. ஒல்லியான உடம்பு, சாம்பல் நிறச் சீருடை. இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்து குலுங்கக் கூடாதென்று அதற்கு ரப்பர் வளையம் போட்டிருக்கிறார். வேண்டாத சத்தம் அவருக்கு ஆகாது. என் வீட்டு வாசலில் நின்று பேசும்போதே உள்ளே சுழலும் மின்விசிறியைக் காட்டி, "அதுக்கு மூச்சு வாங்குது அக்கா, காதுல விழலியா?" என்பார். எனக்கு விழாது. அடுத்த வாரம் அந்த மின்விசிறி நின்றுபோகும்.

இப்படிப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் என்ன செய்கிறார் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஓர் அச்சகத்தின் அடித்தள அறையில், தன்னில் பாதி வயதுள்ள மூன்று இளைஞர்களோடு, கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, காது கிழிய கித்தார் வாசிக்கிறார். மெட்டல் இசை. அங்கே அவர் பெயர் 'பிரேக் அண்ணன்'. தடித்த கம்பியை மீட்டுகிற நொடியிலேயே உள்ளங்கை ஓரத்தால் அதை அமுக்கிவிடுவார். பிறக்கும்போதே கழுத்தைப் பிடித்ததுபோல் ஒரு சத்தம் வரும். நெஞ்சில் யாரோ கை வைத்துத் தள்ளியதுபோல் இருக்கும். அந்தச் சத்தத்துக்கு அவர் வைத்த பெயர் 'ஜடுக்கு'.

அந்தச் சொல் இன்று ஊரெல்லாம் சுற்றுகிறது. "இதுல ஜடுக்கு பத்தலைடா" என்று பையன்கள் பேசிக்கொள்கிறார்கள். வாத்தியக் கடைக்காரர், "ஜடுக்குக்குன்னே தடிச்ச கம்பி வந்திருக்கு" என்று விற்கிறார். இணையத்தில் இரண்டு பேர் அது எங்கிருந்து வந்தது என்று முட்டிக்கொண்டார்கள். அச்சகத்தில் ஓடுகிற இயந்திரத்தின் சத்தம் என்றான் ஒருவன். வெளிநாட்டுச் சொல் என்றான் இன்னொருவன். அவர் எல்லாவற்றையும் படித்தார். ஒரு வரிகூட எழுதவில்லை.

நான் அந்தச் சத்தத்தை மூலத்திலேயே கேட்டவள். எட்டு வருஷம் முன்பு ஒரு மதியம், எட்டுப் பேர் நிறைந்த லிஃப்ட் பெட்டியில் நானும் இருந்தேன். என் முழங்காலுக்குப் பக்கத்தில் அவருடைய ஆறு வயது மகள். அப்பா வேலை செய்கிற இடத்தைக் காட்ட அம்மா கூட்டி வந்திருந்தாள். ஐந்தாம் மாடியில் நிற்க வேண்டிய பெட்டி நிற்கவில்லை. மெல்ல வழுக்கியது, பிறகு விழத் தொடங்கியது. காலடியில் தரை காணாமல் போன அந்தக் கணத்தில் நான் யாரை நினைத்தேன் என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. குழந்தை என் புடவையைப் பற்றிக்கொண்டது. அப்போது எங்கள் பாதத்துக்குக் கீழே, பெட்டியின் அடியிலிருந்த இரும்புத் தாடைகள், பெட்டி ஓடுகிற தண்டவாளத்தைக் கவ்வின.

ஜடுக்.

அவ்வளவுதான். எல்லாம் நின்றது.

அதே நேரம் மேலே இயந்திர அறையில், பெட்டியின் வடம் ஓடிச் சுழலும் சக்கரத்தை வெறுங்கையால் அழுத்தி நிறுத்தப் பார்த்திருக்கிறார் அவர். உள்ளங்கை ஓரத்தில் சதையே போய்விட்டது. ஆறிய பிறகு அந்த இடம் கட்டை போல் இறுகிவிட்டது. இறுகிய கையைக் கித்தார் கம்பியில் வைத்தபோதுதான் அந்தச் சத்தம் வந்ததாம். கூட வாசித்தவர்கள் என்ன அண்ணா இது என்று கேட்டார்கள். தன்னையறியாமல் வாயில் வந்த பெயரைச் சொன்னார். எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்லவில்லை. கணவன் கையைக் கொடுத்து எட்டு உயிரைக் காத்தான் என்று அவர் மனைவி இன்றும் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறாள். நானும் அவரை மனதார வாழ்த்தியவள்தான்.

போன செவ்வாய்க்கிழமை, மாடிப்படியில் உட்கார்ந்தபடி அவரே என்னிடம் மீதியைச் சொன்னார்.

அந்த வாரம் பிரேக் கிறீச்சிட்டதாம். குடியிருப்பில் யாருக்கும் அது கேட்கவில்லை, அவருக்கு மட்டும் பல் கூசியது. லிஃப்ட் வேலை பழகுகிறவனுக்கு முதல் நாளே சொல்லித் தருவது, பிரேக் பக்கம் எண்ணெய்க் குப்பியைக் கொண்டுபோகாதே என்பது. அது தெரிந்தும், ஒரே ஒரு சொட்டு விட்டார். சத்தம் நின்றது. மூன்றாம் நாள் பிரேக்கும் பிடிக்கவில்லை. விபத்துக்குப் பிறகு கம்பெனி ஆட்கள் வருவதற்குள், ரத்தம் வழிகிற கையாலேயே அந்த எண்ணெயைத் துடைத்துவிட்டார். பிரேக் தேய்மானம் என்று அறிக்கை எழுதினார்கள்.

"எண்ணெய் விட்டதும் இந்தக் கைதான் அக்கா, துடைச்சதும் இதேதான்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. அடுத்த மூன்று நாள் நான் ஏழு மாடியும் படியேறினேன். எட்டு வருஷமாக அவர் மகளை ஏன் லிஃப்டில் ஏறவே விடவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. தாடைகள் இன்னொரு முறை கவ்வாமல் போய்விட்டால் என்ற பயத்தில்தான் தினம் கதவில் கை வைக்கிறார்.

இப்போது ஏன் சொன்னார்? மகளுக்குப் பதினான்கு வயது. அவளும் கித்தார் பழகுகிறாள். பள்ளி மலருக்கு 'ஜடுக்கு' என்ற சொல்லின் கதையை எழுதப் போகிறாளாம். "நீதானேப்பா கண்டுபிடிச்ச, எப்படி வந்துச்சுன்னு சொல்லு" என்று நோட்டுப்புத்தகத்தோடு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பதில் சொல்லாமல் நான்கு நாள் தள்ளிவிட்டார்.

உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றேன்.

"சொன்னா, அப்புறம் என் பக்கத்துல உக்காந்து வாசிப்பாளா?" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் தன் கையைப் பார்த்துக் கேட்டார்.

சனிக்கிழமை காலை இருவரும் படியேறி வந்தார்கள். இயந்திர அறைக்குப் போகிற படி என் வாசலைத் தாண்டித்தான் போகிறது. பெண் நோட்டுப்புத்தகத்தை மார்போடு அணைத்திருந்தாள். மேலே இரும்புக் கதவு சாத்திக்கொண்டது. அரை மணி நேரம் திறக்கவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்காமல் வாசலில் நின்றேன். எந்தப் பிள்ளையும் தகப்பனைக் குற்றவாளியாய்ப் பார்க்க நேரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

முதலில் அவள்தான் இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது. பின்னால் வந்தவர் கைப்பிடியைப் பற்றிப் பற்றி இறங்கினார். லிஃப்ட் வாசலில் அவள் நின்றாள்.

"இப்ப அதுல எண்ணெய் இருக்காப்பா?"

"இல்லம்மா."

"நிச்சயமா?"

"இன்னிக்குக் காலையிலதான் கழட்டிப் பாத்தேன்."

அவள் பொத்தானை அழுத்தினாள். பெட்டி வந்தது. அவர் ஓரடி முன்னால் வந்தார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"நான் இதுல போறேன். நீ படியில வாப்பா. கீழ நிக்கறேன்."

கதவு மூடிக்கொண்டது. பெட்டி இறங்கத் தொடங்கியது. எப்போதும் போல் கண்ணை மூட அவரால் முடியவில்லை. கம்பியில் வைப்பதுபோல், அந்த இறுகிய கையின் ஓரத்தைக் கதவின் மேல் வைத்தார். ஆறு, ஐந்து, நான்கு என்று எண்கள் எரிந்து அணைந்தன. கீழே கதவு திறக்கும் ஓசை கேட்டது. அவள் காலடியும் கேட்டது. அதன் பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.