எலுமிச்சம்பழம் இல்லாத டிரிப்

ஆடி முதல் தேதி காலையில் அப்பா எனக்குக் கெடு வைத்தார். இங்கிலாந்தில் கணக்கியலில் முதுகலை முடித்து, விசா தீர்ந்து, சங்ககிரிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு நான் திரும்பி நான்கு மாதம் ஆகியிருந்தது. நான்கு மாதமும் வேலை தேடிக்கொண்டிருந்தேன்.

"ஆடி முடியற வரைக்கும் தேடு சாமி. நான் ஒண்ணும் பேச மாட்டேன். ஆவணி பொறந்தா ஜாதகத்தக் கையில எடுத்துருவேன்" என்றார்.

"அதுக்குள்ள வேலை கெடச்சிருச்சுன்னா?"

"கெடச்சா, அது பாட்டுக்கு பீரோவுல கெடக்கட்டும்."

"எழுதி வாங்கிக்க" என்று அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள்.

எழுதிக்கொண்டேன். எதையும் எழுதிக்கொள்வது என் வழக்கம். வேலை தேடுவதற்கென்றே ஒரு நோட்டு வைத்திருந்தேன். போன இடம், தேதி, அவர்கள் கேட்டது, நான் சொன்னது, முடிவு என்று ஐந்து கட்டங்கள். முடிவுக் கட்டத்தில் எழுத அதிகம் இருக்கவில்லை.

ஊர் திரும்பியதும் முதலில் போனது நாமக்கல்லில் ஒரு கோழித்தீவன நிறுவனம். மேலாளர் என் விண்ணப்பத்தைக் கடைசி வரி வரை மரியாதையாகப் படித்தார். "லண்டன் பாத்தவங்க நாமக்கல்ல எப்படிங்க நிப்பீங்க?" என்றார். நான் லண்டனைப் பார்த்ததே இரண்டு நாள்தான். படித்தது வடக்கே, எப்போதும் தூறிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன ஊரில். அதைச் சொன்னால் என் மதிப்பு கூடுமா குறையுமா என்று தெரியாததால் சொல்லவில்லை.

அடுத்தது சேலத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகம். அங்கே ஒரே கேள்விதான்: "டேலி தெரியுமா?" பல நாடுகளில் கிளை வைத்திருக்கும் நிறுவனத்தின் கணக்குகளை ஒன்றாக்கத் தெரியும். டேலி மென்பொருள் தெரியாது. ஆகவே சங்ககிரியில் செல்போன் கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் மூன்று வார வகுப்பில் சேர்ந்தேன். உடன் படித்தவர்கள் எல்லாரும் பி.காம். இரண்டாம் ஆண்டு. பக்கத்து நாற்காலிப் பெண்தான் எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்த வவுச்சர் வரும் என்று காட்டித் தந்தாள். "அங்க இதெல்லாம் சொல்லித் தரலீங்களாக்கா? பாவம்" என்றாள்.

பட்டம்தான் தடை என்று தோன்றியதால் அதை விண்ணப்பத்திலிருந்து எடுத்துவிட்டு ஓமலூரில் ஒரு நூல் மில்லுக்குப் போனேன்.

"காலேஜு முடிச்சு ரெண்டு வருசமாச்சே, என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"ஊட்டுல சும்மாதாங்க இருந்தேன்."

அங்கிருந்த பெரியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "புருசன் ஊட்டோட எதாச்சும் பிரச்சினைங்களாம்மா?"

அன்று மாலையே பட்டத்தைத் திரும்பச் சேர்த்துவிட்டேன்.

ஆடி பிறந்ததும்தான் அப்பாவின் ஒப்பந்தத்தில் இருந்த ஓட்டை தெரிந்தது. மூன்று இடங்களுக்கு ஃபோன் செய்தேன். மூன்றிலும் ஆள் தேவைதான். "ஆனா ஆடியில புதுசா ஆரையும் சேக்கறதில்லீங்க. ஆவணியில வாங்க" என்றார்கள். எங்கள் பக்கம் ஆடியில் கல்யாணம் இல்லை, புதுமனை புகுதல் இல்லை. புது அக்கவுண்டண்டும் இல்லை. எந்த மாதத்தை நம்பி அப்பா எனக்கு அவகாசம் கொடுத்தாரோ, அதே மாதத்தைக் காட்டித்தான் ஊரே என்னைத் திருப்பி அனுப்பியது.

அப்பாவிடம் சொன்னேன். "அடடா, அத நான் யோசிக்கலியே" என்றார். யோசித்திருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

ஆடி பதினாறாம் தேதி சங்ககிரியில் ஒரு லாரி டிரான்ஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போனேன். ஃபோன் செய்தால் ஆவணி என்பார்கள் என்பதால் சொல்லாமலே போனேன். அலுவலகத்தை நடத்தியவர் முதலாளியின் மனைவி. எல்லோரும் ஓனரம்மா என்றார்கள். ஐம்பது வயதிருக்கும். டிரைவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் வண்டியின் கடைசி நான்கு எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட்டார்.

என் விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்க்காமல் அதன்மேல் டீ டம்ளரை வைத்தார். "படிச்சதெல்லாம் சரி அம்மிணி. இதப் பாத்து என்ன தோணுதுன்னு சொல்லுங்க" என்று ஒரு கட்டு டிரிப் ஷீட்டைத் தள்ளினார். லாரி போய் வரும் வழியில் ஆகும் செலவை எல்லாம் டிரைவர் தன் கைப்பட எழுதித் தரும் தாள் அது. டீசல், டோல், பஞ்சர், சாப்பாடு. ஒவ்வொரு தாளிலும் முதல் வரி மட்டும் மாறவே இல்லை: எலுமிச்சம்பழம்.

லோடு ஏற்றிக் கிளம்பும் லாரி சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டுதான் நகரும். இது தெரியாத பிள்ளை எங்கள் ஊரில் கிடையாது. ஆனால் அன்று நான் சங்ககிரிப் பெண்ணாக உட்கார்ந்திருக்கவில்லை. நோட்டைத் திறந்து முதல் குறையாக "எலுமிச்சம்பழம், எதற்கும் பில் இல்லை" என்று எழுதினேன்.

ஓனரம்மா எட்டிப் பார்த்தார். "சந்தைக்காரிகிட்டப் போயி எலுமிச்சம்பழத்துக்குப் பில்லுக் கேட்டா, பழத்த என்ற தலையில நசுக்குவா."

அதை அடித்துவிட்டேன். ஆனாலும் பழத்தை விட மனமில்லை. கட்டு முழுவதையும் மறுபடி முதலிலிருந்து புரட்டினேன். ஒரே ஒரு தாளில் அந்த வரி இல்லை. டீசல் இருந்தது, டோல் இருந்தது, மூன்று நேரச் சாப்பாடு இருந்தது. பழம் மட்டும் இல்லை.

இப்படி ஒன்றைக் கண்டுபிடிக்கத்தானே கடல் தாண்டிப் படித்தேன்? குரலை நிதானமாக வைத்துக்கொண்டு, "இந்த டிரிப் போகவே இல்லைன்னு நினைக்கிறேங்க" என்றேன். "பழம் வெக்காம வண்டி கெளம்பாது. இதுல பழம் இல்ல. அப்ப வண்டி கெளம்பல. மத்ததெல்லாம் உக்காந்த எடத்துல எழுதுனது."

ஓனரம்மா என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஃபோனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனப்பா நாப்பத்தேழு பன்னெண்டு, போன வாரம் கெளம்பறப்ப எலுமிச்சம்பழம் வெச்சியா இல்லியா?"

"வெக்காம எடுப்பனுங்களா? எல்லாச் சக்கரத்துக்கும் வெச்சனுங்க."

"ஷீட்டுல காணோமே?"

"அது எங்கூட்டு மரத்துல காச்சதுங்கம்மா. காச்சுக் கொட்டுது. அதுக்குப் போயி உங்ககிட்டக் காசு வாங்குவனா?"

நான் நோட்டை மூடினேன். அந்தக் கட்டிலேயே நேர்மையான ஒரு மனிதரைத் தேடிப் பிடித்துத் திருடன் என்றிருக்கிறேன். பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடலாமா என்று நினைத்தபோது ஃபோனில் அவர் கேட்டார்: "இதையெல்லாம் ஆருங்க பாத்தது? இத்தன வருசத்துல ஒருத்தரும் கேட்டதில்லீங்களே."

"புதுசா ஒரு அக்கவுண்டண்ட் புள்ள வந்திருக்குது. கண்ணு தப்பாது, கணக்குத்தான் கொஞ்சம் தப்புது. சரி, வெச்சுரு" என்றார் ஓனரம்மா.

இப்படித்தான் எனக்கு வேலை கிடைத்த செய்தியை, அவர் வேறொருவரிடம் சொல்ல, நான் அருகிலிருந்து கேட்டேன்.

"ஆவணி ஒண்ணாந்தேதி வந்து சேந்துக்குங்க" என்று என்னிடம் திரும்பினார். ஆவணி என்றால் ஜாதகம். வேலை தருவதாக வாய்ச்சொல் இருந்தால் போதாது, ஆடிக்குள் சேர்ந்தால்தான் அப்பாவிடம் செல்லும். அந்தக் கெடுவை நான்தான் எழுதி வைத்திருக்கிறேன், அவருக்கும் அது தெரியும்.

"நாளன்னைக்கு ஆடிப் பதினெட்டுங்க" என்றேன். "ஆடியில புதுசு தொடங்க அந்த ஒரு நாள் நல்ல நாள்தானுங்களே."

ஓனரம்மா நாட்காட்டியைப் பார்த்தார். "அன்னிக்கு எல்லாரும் காவேரிக்குப் போயிருவாங்க. ஆபீசுல நீங்க மட்டும்தான் இருப்பீங்க, பரவாயில்லீங்களா?"

"பரவாயில்லீங்க."

பதினெட்டாம் தேதி அப்பாதான் பைக்கில் கொண்டுவந்து விட்டார். பூட்டியிருந்த அலுவலக வாசலில் ஓனரம்மா கொடுத்த சாவியை நான் எடுத்தபோது, படியில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்தார். கையில் ஒரு மஞ்சப் பை.

"நாப்பத்தேழு பன்னெண்டுங்க" என்றார். "எங்கூட்டு மரத்துப் பழமுங்க. பில்லு இல்லீங்க. வாங்கிக்குவீங்களா?"

வாங்கிக்கொண்டேன். அம்மா அதில் ஊறுகாய் போட்டாள். ஆவணி பிறந்த அன்று அப்பா அதைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார். பீரோ பக்கம் போகவில்லை. கை கழுவி வந்து, "சரி சாமி, சொன்னது சொன்னதுதான். இனி தை பொறக்கட்டும், பேசலாம்" என்றார்.

தைக்கு முந்தியது மார்கழி. அந்த மாதத்திலும் எங்கள் பக்கம் யாரும் கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை; ஆகவே அப்பா தந்த அவகாசத்தில் அந்த ஒரு மாதம் அவர் தந்ததே அல்ல. அதை நோட்டில் குறித்து வைத்துக்கொண்டேன்.