வாடிப்பட்டிக் கண்மாயில் ஒரு நிமிடம் இருபத்தேழு நொடி

காலை ஐந்தே முக்காலுக்கு மதுரைத் தல்லாகுளத்தில் டவுன் பஸ் ஏறினேன். கையில் ஒரு வயர் கூடை. அதற்குள் தண்ணீர் பாட்டில், புளிச்சோறு, ஒரு நோட்டு, பள்ளிக்கூடத்து ஸ்டாப்வாட்ச். நான் பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். நூறு மீட்டர் ஓடும் பிள்ளைகளுக்கு நேரம் பார்க்கிற வாட்ச் அது. அன்றைக்கு அதை என் வீட்டுக்காரர் ஓட்டப்போகும் காருக்காக எடுத்துப் போனேன்.

சித்திரைத் திருவிழா முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை. கோரிப்பாளையத்தைத் தாண்டி வைகைப் பாலத்தில் பஸ் ஏறியபோது ஆற்றில் அழகரைப் பார்க்க வந்த கூட்டம் விட்டுப்போன குப்பை இன்னும் கிடந்தது. முந்தின வாரம் இதே ஆற்றில் நின்று நான் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். இந்த மனுசன் அந்தக் காரை விட்டுத் தொலையணும்.

மத்திய பஸ் ஸ்டாண்டில் திண்டுக்கல் போகும் பஸ் ஆறு இருபதுக்குப் புறப்பட்டது. வாடிப்பட்டிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். டிக்கெட் இரண்டு ரூபாய் பத்துப் பைசா. பரவை தாண்டியதும் இரண்டு பக்கமும் வெயில் குடித்த வயல்கள். அறுப்பு முடிந்த தாளில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. பார்க்க அழகான பாதைதான். ரசிக்கிற மனநிலையில் நான் இல்லை.

என் கணவர் சுந்தரபாண்டிக்குச் செல்லூரில் ஒர்க்‌ஷாப். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு எஸ்டேட்காரர் காயலான் கடைக்குத் தள்ளவிருந்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிவந்தார். கூரையை அறுத்து, எஞ்சினைக் கழற்றிப் பூட்டி, அதற்கு உயிர் கொடுத்தார். அன்றிலிருந்து என் உயிர் போய்க்கொண்டிருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மாதம் முன்னால் பயிற்சிக்குப் போனவர் இடது பக்கக் கதவு உள்ளே நசுங்கி வந்து நின்றார். கேட்டதற்கு, "மடைக் கல்லுல லேசா உரசிருச்சுடி" என்றார். லேசா உரசினால் கதவு இப்படி அப்பளமாக நொறுங்குமா? எங்கள் மகளுக்கு இரண்டு வயது.

"கண்மாய் விலக்குல இறங்கணுமா?" என்று கேட்ட கண்டக்டர், என் கூடையில் தெரிந்த ஸ்டாப்வாட்சைப் பார்த்துச் சிரித்தார். "கார் விடுற எடத்துக்கா? போன தடவை நானும் லீவு போட்டுட்டுப் போயிருந்தேன். எம்புட்டு வேகம்ங்கிறீக! ஒருத்தன் ஒருநா மடையில அடிக்கத்தான் போறான், பாருங்க."

"வாயைக் கழுவுங்க அண்ணே," என்றேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

ஏழே காலுக்கு வாடிப்பட்டி தாண்டி, கண்மாய்க்குப் பாதை பிரியும் விலக்கில் இறங்கினேன். அங்கிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர், குதிரை வண்டிக்கு ஒன்றரை ரூபாய். வண்டிக்காரர் கரை ஏறுவதற்கு முன்னாலேயே நிறுத்திவிட்டார். "அந்தச் சத்தத்துக்கு என் குதிரை மெரளுதும்மா. நீங்க நடந்துக்கங்க." குதிரைக்கு இருக்கிற புத்தி என்று நினைத்துக்கொண்டு இறங்கி நடந்தேன்.

போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். பந்தயத் தளம் என்றதும் தார் ரோடும் கொடியும் மேடையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கோடையில் வற்றிப்போன கண்மாய், அவ்வளவுதான். தரை வெடித்து, அதன்மேல் கார் ஓடி ஓடி மாவாகிக் கிடக்கும். கருவேல மரங்களை ஒட்டி ஒரு வளைவு, கரையை ஒட்டி ஒரு நேர்பாதை, கடைசியில் மடை. தண்ணீர் திறந்துவிடும் அந்த மடையில் ஆள் உயரத்துக்கு இரண்டு கருங்கல் தூண். அதற்கு எட்டடி தள்ளி முழு வேகத்தில் திரும்ப வேண்டும். தார் டிரம்களை வைத்து எல்லை கட்டியிருந்தார்கள். ஒரு சுற்று இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

இரண்டு காரும் சேர்ந்து ஓடினால் புழுதியில் கண் தெரியாது. அதனால் ஒருவர் ஓடி முடித்தபின் மற்றவர் ஓடுவார். நேரத்தை வைத்துத்தான் ஒப்பிடுவது. அவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. பின்தங்கியவர் 'இன்னொரு சுத்து' என்று கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். முந்தியவர் கேட்கக் கூடாது. பின்தங்கியவர் போதும் என்று சொல்லும்வரை அது நீளும். எங்கள் பள்ளியில் ஒரு ஓட்டத்துக்கு மூன்று வாட்ச் வைப்போம். இங்கே நான் ஒருத்திதான். "டீச்சர் கை பொய் சொல்லாது" என்று எதிராளியே சொல்லிவிட்டார்.

எதிராளி என்றால் ஏதோ வில்லன் என்று எண்ண வேண்டாம். கோபிநாத் தெற்கு மதுரையில் சாயக்கடை வைத்திருக்கும் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பையன். இருபத்தாறு வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பம்பாயிலிருந்து தருவித்த சிவப்புக் கார் வைத்திருந்தார். அதைப் பழுது பார்ப்பதே என் வீட்டுக்காரர்தான். எதிரியின் காரை ஞாயிற்றுக்கிழமை ஜெயிப்பதற்காகச் சனிக்கிழமை முழுக்க ஒழுங்காகச் சரிசெய்து கொடுக்கிற ஆளை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

"வாங்க டீச்சர், இன்னிக்கு அண்ணனை அழ விடுறேன் பாருங்க," என்றார் கோபி.

"போ மாப்ள, உன் வண்டியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?" என்றார் என் கணவர். அப்புறம் என்னைத் தனியே கூப்பிட்டு, "இந்தா பாரு. இவனை ஒரே ஒரு தடவை ஜெயிச்சிட்டேன்னா வண்டியை வித்துருவேன். புள்ள மேல சத்தியம்," என்றார்.

அந்தச் சத்தியம்தான் என்னைக் கெடுத்தது.

ஊர்க்காரர்கள் இருபது முப்பது பேர் வேடிக்கை பார்க்க, எட்டு மணிக்குத் தொடங்கினார்கள். கோபி ஒரு நிமிடம் முப்பத்தோரு நொடி. என் கணவர் ஒரு நிமிடம் முப்பத்து மூன்று. 'இன்னொரு சுத்து' என்று கேட்டு ஓடி, ஒரு நிமிடம் முப்பதுக்கு வந்தார். இப்போது கோபி பின்தங்கினார். கேட்டு ஓடினார். ஒரு நிமிடம் இருபத்தெட்டு. ஒவ்வொரு சுற்றிலும் கார் மடைப் பக்கம் கண்ணுக்கு மறைந்துவிடும். சத்தம் மட்டும்தான் வரும். அது மறுபடி மேலே ஏறினால் திரும்பிவிட்டார் என்று அர்த்தம். அந்த இரண்டு நொடிக்குள் எத்தனை சாமியைத்தான் கூப்பிடுவது?

என் கணவர் மறுபடி கேட்டார். இந்தத் தடவை நான் கரைமேல் மடைக்கு நேராகவே போய் நின்றேன். போயிருக்கக் கூடாது. கார் வளைவில் திரும்பும்போது அதன் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போய்க் கல்லை நெருங்கியது. கையகல இடைவெளி. அவர் முகத்தைப் பார்த்தேன். பதினோரு வருஷம் கூட வாழ்ந்தவர் முகம், அப்படி வெளிறி நான் பார்த்ததில்லை. அந்த ஆளுக்கும் பயம். ஆனாலும் நிறுத்த மாட்டார்.

கரைமேலிருந்தே பார்த்து, கார் முடிவுக் கோட்டைத் தாண்டியதும் வாட்சை அமுக்கிவிட்டுக் கீழே இறங்கி ஓடினேன். ஒரு நிமிடம் இருபத்தொன்பது.

ஒரே ஒரு நொடி பின்தங்கிவிட்டார். காரை விட்டு இறங்கவில்லை, எஞ்சினை அணைக்கவும் இல்லை. தண்ணீர் கேட்டுக் கையை மட்டும் நீட்டினார். மறுபடி போவார், அந்தக் கல்லுக்கு இன்னும் நெருக்கமாகப் போவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"எம்புட்டு டீச்சர்?" என்று கோபி கேட்டார்.

"ஒண்ணு இருபத்தேழு," என்றேன். சொல்லும்போதே விரல் அமுக்கி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டது.

என் கணவர் எஞ்சினை அணைத்தார். இறங்கி வந்து, ஊர் பார்க்க என் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஜெயிச்சிட்டேன்டி! போதும், இன்னிக்கோட போதும்!" எனக்கு உயிர் வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

அப்போது கோபி தலைத்துணியை இறுக்கிக் கட்டியபடி சொன்னார். "அப்ப எனக்கு இன்னொரு சுத்து."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சட்டம் கோபிக்கும் உண்டு என்பது எனக்கு அந்த நேரம்வரை தோன்றவே இல்லை. என் வீட்டு ஆளை இறக்க வேண்டும் என்பதைத் தவிர என் மண்டையில் எதுவும் இல்லை. பதினைந்து வருஷம் பிள்ளைகளுக்கு நேரம் பார்த்தவள் செய்கிற காரியமா இது?

"வேணாம் தம்பி, வெயில் ஏறிருச்சு. தரையும் ரொம்பப் பொடிஞ்சு போச்சு," என்றேன்.

"ஒரே சுத்து டீச்சர். ரெண்டு நொடி குறைச்சா போதும்."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கோபி இறங்கிவிடுவார், என் கணவர் ஏறிவிடுவார். சொல்லாவிட்டால் கோபி போவார். யார் போக வேண்டும் என்று தீர்மானிக்கிற அதிகாரம் அந்த அரை நிமிஷம் என் வாயில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பயத்தில் திறக்கவில்லை என்று எழுதலாம். அது பாதிதான் உண்மை. என் ஆள் கீழே நின்றுகொண்டிருக்கிறார் என்ற நிம்மதியும் இருந்தது.

மணி ஒன்பது ஐந்து. சிவப்புக் கார் புழுதிக்குள் போனது. கருவேல வளைவு தாண்டியது. நேர்பாதையில் அதுவரை கேட்காத சத்தம். மடைப் பக்கம் மறைந்தது. சத்தம் இறங்கியது. மேலே ஏறவில்லை.

எல்லாரும் ஓடினோம். கால் கண்மாய் வெடிப்பில் மாட்டி நான் இரண்டு தடவை விழுந்தேன். கார் மடைக் கல்லில் மோதி ஒருக்களித்துக் கிடந்தது. கோபிக்கு நினைவு இருந்தது. வலது கால் உள்ளே மாட்டியிருந்தது. என் கணவர் கடப்பாரையால் தகட்டை நெம்பி அவரை வெளியே எடுக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. "மாப்ள, என்னைப் பாருடா, கண்ணை மூடாதடா" என்று சொல்லிக்கொண்டே நெம்பினார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

டிரம் ஏற்றி வந்த வேனில் பாயை விரித்துப் படுக்கவைத்துப் புறப்பட்டோம். காலையில் பஸ்ஸில் வந்த அதே இருபத்தைந்து கிலோமீட்டர் முடியவே மாட்டேன் என்றது. சமயநல்லூரில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு வண்டி சாவகாசமாகப் போனது. என் மடியில் கோபியின் தலை. பத்தே முக்காலுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தோம்.

மூன்றாம் நாள் பார்க்க விட்டார்கள். முட்டிக்குக் கீழே காலை எடுத்திருந்தார்கள். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. கட்டில் பக்கத்தில் அவருடைய அம்மா. என் கணவர் வாசலில் டாக்டரோடு பேசிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், கடைசிச் சுத்து எப்படி இருந்துச்சு? மடை வரைக்கும் நல்லாத்தானே வந்தேன்?" என்று கேட்டார் கோபி.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. குனிந்து மெதுவாகச் சொன்னேன். "தம்பி, அண்ணன் ஓடுனது ஒண்ணு இருபத்தொம்பது. நான்தான் பொய் சொன்னேன். நீங்க முன்னாடியே ஜெயிச்சுட்டீங்க."

கோபி போர்வையின் தட்டையான பக்கத்தைக் கையால் நீவிவிட்டார். "அப்ப நான் போயிருக்கவே வேணாம்ல," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் அழுவதைப் பார்த்து அவருடைய அம்மா என்னவென்று அவர்கள் பாஷையில் கேட்டார். கோபி ஏதோ பதில் சொன்னார். அந்த அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதம்மா. வண்டியில கோளாறுன்னா யாரு என்ன செய்ய முடியும்? புள்ளைய மடியில போட்டுக் கொண்டாந்து சேத்தியே," என்றார். பிளாஸ்க்கைத் திறந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார். கோபி என்னைப் பார்த்து, அப்படியே இருக்கட்டும் என்பதுபோல் தலையை அசைத்தார். நான் அந்தக் காப்பியை வாங்கிக் குடித்தேன்.

வண்டியூர் தெப்பக்குளம் வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். என் கணவர் ஸ்கூட்டரில் முன்னால் பார்த்தபடியே கேட்டார். "வண்டியில கோளாறாம்ல? அவங்க அம்மா சொன்னாங்க. சனிக்கெழமை நான்தானே பாத்துக் கொடுத்தேன். எதை விட்டேன்?"

ஊர்களைச் சுற்றிப் பார்த்து எழுதுகிறவர்கள் திரும்பி வந்ததும் வீடு சொர்க்கமாக இருந்தது என்று முடிப்பார்கள். என் கணவர் சொன்ன வாக்கைக் காப்பாற்றித் தம் காரை விற்றுவிட்டார். நசுங்கின சிவப்புக் காரைச் செல்லூர் ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துவந்து போட்டிருக்கிறார். பிரேக்கைப் பிரித்தார், ஸ்டியரிங்கைப் பிரித்தார், சக்கரத்தின் ஒவ்வொரு நட்டையும் துடைத்து வரிசையாகச் சாக்கில் வைத்திருக்கிறார். வேறு வேலை எடுப்பதில்லை. மத்தியானச் சாப்பாட்டை நான் தூக்குச்சட்டியில் கொண்டுபோனால் கிரீஸ் கையோடு நிமிர்ந்து பார்க்கிறார்.

"ஒரு மாசமாத் தேடுறேன். ஒரு கோளாறும் இல்லையேடி," என்றார் நேற்று.

"இன்னும் நல்லாப் பாருங்க," என்றேன்.