சிவப்பு ஒயரின் முடிச்சு

வன்னியராஜுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. அப்படிப்பட்டவன்தான் கேரளத்துக் கழக்கூட்டத்தில் எத்தனையோ அடுக்குமாடிகளுக்கு ஒயரிங் செய்தான் என்றால் நம்புவீர்களா? பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்த எனக்கே எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது.

நிறங்களைப் பிரித்துப் பார்க்க நம் கண்ணுக்குள் மூன்று வகை உயிரணுக்கள் இருக்கின்றன. அதில் ஒரு வகை சரியாக அமையாமல் பிறப்பவர்கள் உண்டு, பெரும்பாலும் ஆண்கள். தாய் வழியாக வருவது. நமக்குச் சிவப்பாகவும் பச்சையாகவும் தெரிகிற இரண்டும் அவனுக்குக் காய்ந்த இலை நிறம். அதை அவன் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொன்னால் மறுநாளே சொந்த ஊரான சங்கரன்கோவிலுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மனைவி உலகம்மைக்கு மட்டும் தெரியும். கல்யாணமான புதிதில் தக்காளி வாங்கி வரச் சொன்னால் பாதி காயாகப் பொறுக்கி வருவானாம். அவள்தான் வழியும் சொன்னாள். ஒயர்ச் சுருள் வரும் பெட்டியில் நிறத்தின் பெயர் எழுதியிருக்கும்; அதைப் படித்துவிட்டுச் சிவப்பின் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்ள வேண்டும். குழாய்க்குள் இழுத்து மறுமுனையில் எடுக்கும்போது முடிச்சு உள்ளது கரண்டு வருகிற சிவப்பு, முடிச்சு இல்லாதது எர்த்துக்குப் போகிற பச்சை. கறுப்பு அவனுக்கு நன்றாகவே தெரியும். இப்படியே வருஷக்கணக்கில் ஓட்டினான். கெட்டிக்காரன் என்று பெயர் வேறு.

அந்தத் தைரியத்தில் மைத்துனன் உச்சிமாகாளியையும் ஊரிலிருந்து வரவழைத்து, தான் அப்போது ஒயரிங் செய்துகொண்டிருந்த கட்டிடத்திலேயே தரைக்கு மார்பிள் பாலிஷ் போடும் வேலையில் சேர்த்துவிட்டான். உலகம்மைக்கு அவன் வெறும் தம்பியில்லை, இடுப்பில் சுமந்து வளர்த்த பிள்ளை.

ஒருநாள் அங்கே அவனோடு கூட வேலை பார்த்தவன் ஷிஜு, உள்ளூர்க்காரன், புதிதாக வந்தவன். வன்னியராஜ் சாயா குடிக்கப் போன நேரத்தில், ஹால் பிளக்குக்கு வந்திருந்த ஒயர்களின் நுனியை வெட்டி, தோல் சீவி, அழகாக வைத்திருந்தான். எந்த ஒயர்மேனும் செய்வதுதான். முடிச்சு குப்பையோடு போய்விட்டது. எது சிவப்பு என்று ஷிஜுவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் ஒயர்மேன் அதை எந்த வாயால் கேட்பான்? கொஞ்சம் கருத்தாற்போலத் தெரிந்ததைச் சிவப்பு என்று நினைத்து மாட்டினான். அது பச்சை; சிவப்பு எர்த்தின் இடத்துக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை உச்சிமாகாளி தண்ணீர் நின்ற தரையில் வெறுங்காலோடு நின்று பாலிஷ் மெஷினை அந்தப் பிளக்கில் செருகினான். மெஷின் ஓடவில்லை. என்னவென்று பார்க்க இரும்புக் கைப்பிடியைப் பிடித்தான். மெஷினின் இரும்பு உடம்போடு சேர்கிற எர்த்து வழியாக வந்த கரண்டு அவனை விடவேயில்லை. கரண்டு கசிந்தால் தானாக அணைகிற கருவியை அந்தக் கட்டிடத்தில் அதுவரை யாரும் மாட்டியிருக்கவில்லை.

மெஷின் பழசு, பார்க்காமல் எடுத்து வந்தது அவன் தப்பு என்று செத்தவன் தலையிலேயே போடப் பார்த்தார் காண்ட்ராக்டர். வன்னியராஜ் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பான். அடக்கம் முடிந்து விசாரணைக்கு வந்த இன்ஸ்பெக்டர் பிளக்கைக் கழற்றும்போது, அவனே முன்னால் போய் நின்றான்.

"நான் மாட்டுனது சார். எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது."

இத்தனை வருஷம் ஒயர்மேனாக இருந்தவன் இப்போது சொல்கிற சாக்கு என்று இன்ஸ்பெக்டர் நினைத்தார். இரண்டு துண்டு ஒயரை நீட்டி, சிவப்பைத் தொடு பார்க்கலாம் என்றார். வன்னியராஜ் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். ஒன்றைத் தொட்டான்.

அது சிவப்பாக இருந்து தொலைத்தது.

கண் நன்றாகத்தானே தெரிகிறது என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் அவன்மேல் கேஸ் எழுத உட்கார்ந்தார். துணைக்கு வந்த என்னோடு படியில் உட்கார்ந்திருந்த உலகம்மை எழுந்தாள். அவன் சொன்னது உண்மை என்று அறிந்தவள் அவள் ஒருத்திதான். இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் புருஷனிடம் போனாள்.

"இன்னைக்குச் சரியாத் தொட்டுட்டியளே," என்றாள். "அன்னைக்கு இதத் தொட்டிருக்கக் கூடாதா?"